ஃப்ராம் கப்பலுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போற ரீச்சர்மாருக்கும் அம்மா அப்பாமாருக்கும் ஒரு திறந்த மடல்

ஒஸ்லோவிலயும் சுத்துவட்டாரத்திலயும் சனி ஞாயிறில தமிழ் படிப்பிக்கிற ரீச்சர்மாருக்கும் வாத்திமாருக்கும், பிள்ளையளைக் கொண்டுவந்து விடுற அம்மா அப்பாமாருக்கும் வணக்கம்.

கோடை லீவுக்கு முதல் பிள்ளையளை ஒஸ்லோவில பிக்டோய்க்கு, துருவப் பக்கம் போன ஃப்ராம் எண்ட பழைய கப்பல் நிக்கிற மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீங்கள் தானே, அதில என்ர பேத்தியும் ஒருத்தி, துணைக்கு வாங்கோ எண்டு கேட்டபடியா நானும் வந்தனான். நல்ல வெயில், பிள்ளையளுக்குச் சரியான சந்தோசம். உள்ள போனதும் கப்பலின்ர மூக்குக்குக் கீழ நிண்டு குறூப் போட்டோ, பிறகு மேல்தட்டில ஏறி சுக்கானைப் பிடிச்சபடி இன்னொரு போட்டோ, பிறகு சாப்பாட்டு நேரம் எண்டு எல்லாரையும் எண்ணி வெளியில கொண்டுவந்து கடற்கரையில இருத்தி ரோல்ஸும் பற்றிஸும் குடுத்தாச்சு. முக்கால் மணித்தியாலம் கூட வராது. அதைப் பிழை எண்டு சொல்ல நான் இதை எழுதேல்ல, இத்தினை பிள்ளையளைக் கட்டி மேய்க்கிறது எவ்வளவு பாடு எண்டு தெரியும், ஒரு சதமும் வாங்காம நீங்கள் செய்யிற வேலை அது.

ஆனா ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க ஒரு சின்னப் பெடியன், எட்டு வயசிருக்கும், என்னட்ட வந்து "தாத்தா, அந்தக் கப்பல்ல போன ஆக்கள் எல்லாரும் செத்துப் போச்சினமோ?" எண்டு கேட்டான். நான் வாயைத் திறக்க முதல் பஸ் வந்திட்டுது. அவனுக்குச் சொல்லாம விட்ட பதிலைத் தான் இப்ப எழுதுறன், உங்கள் எல்லாருக்கும் சேர்த்து, அடுத்த முறை போகேக்க அரை நாளாவது ஒதுக்கிப் போங்கோ எண்டு கேக்கிறதுக்காக.

சாகேல்ல தம்பி. 1893ல நான்சன் எண்டவரோட ஃப்ராமில வடதுருவப் பக்கம் 13 பேர் போனவை, 1896ல 13 பேரும் உயிரோட வீட்டுக்கு வந்தவை. அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு விளங்கவேணுமெண்டா அதுக்கு முதல் போன ஆக்களைப் பாக்கவேணும். ஜேனெற் எண்டு ஒரு அமெரிக்கக் கப்பல், 1881ம் ஆண்டு ஜூன் மாசம் சைபீரியாவுக்கு வடக்கால ஐஸ் நெரிச்சுத் தாண்டது, 33 பேரில 20 பேர் திரும்பி வரேல்ல. அதே வருசம் வடக்க போன கிரீலி எண்ட அமெரிக்கரின்ர குழுவில 25 பேரில கடைசியில மிஞ்சினது ஆறு பேர், மிச்ச ஆக்களில கனபேர் பட்டினியில செத்தவை.

இந்த ஜேனெற்றின்ர கதையில தான் ஃப்ராம் பிறக்குது. தாண்டு மூண்டு வருசத்துக்குப் பிறகு, 1884ல, அந்தக் கப்பலின்ர சாமான் கொஞ்சம் கிரீன்லாந்தின்ர தென்மேற்குக் கரையில ஐஸோட சேர்ந்து ஒதுங்கிக் கிடந்தது. அதில ஒரு காற்சட்டை, மழைக்குப் போடுற எண்ணெய்த் துணிக் காற்சட்டை, அதில கப்பல்ல வேலை செய்த லூயி நோரொஸ் எண்டவரின்ர பேர் எழுதியிருந்தது. சைபீரியாப் பக்கம் தாண்ட கப்பலின்ர காற்சட்டை உலகத்தின்ர உச்சியைச் சுத்தி கிரீன்லாந்துக்கு எப்பிடி வந்தது? ஹென்றிக் மூன் எண்ட நோர்வேக்காரப் பேராசிரியர் அப்ப எழுதினார், ஐஸுக்குக் கீழ ஒரு நீரோட்டம் ஓடவேணும், அது தான் கொண்டுவந்தது எண்டு. அதை வாசிச்ச ஒரு இளந்தாரி தான் ஃப்ரிட்யோஃப் நான்சன். காற்சட்டை வரலாமெண்டா கப்பலும் வரலாம் தானே எண்டு அவர் யோசிச்சார். ரீச்சர், இதை ஏழு எட்டு வயசுப் பிள்ளையளுக்குச் சொல்லிப் பாருங்கோ, காற்சட்டை எண்டவுடன சிரிச்சுக்கொண்டு கிட்ட வந்து இருப்பினம், அதுக்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேப்பினம்.

எல்லாரும் ஐஸில மாட்டக்கூடாது எண்டு கப்பல் கட்ட, இவர் வேணுமெண்டே போய் மாட்டுறதுக்கு ஒரு கப்பல் கேட்டார். இது தற்கொலை எண்டு மேல சொன்ன கிரீலியே எழுதினவர். லார்விக்கில இருந்த கொலின் ஆச்சர் எண்ட கப்பல்கட்டி, தாய் தேப்பன் ஸ்கொட்லாந்து ஆக்கள், அவர் தான் இதைக் கட்டினவர். 1892 ஒக்ரோபர் 26 தண்ணியில இறக்கினது. நான்சனின்ர மனுசி ஏவா தான் பேர் வைச்சவ. ஃப்ராம் எண்டா முன்னுக்கு. எங்கட பிள்ளையளுக்கு நொஸ்க், அதாவது நோர்வே மொழிச் சொல்லு தெரியும், தமிழ்ச் சொல்லைத் தான் நாங்கள் குடுக்கவேணும்.

அந்தக் கப்பலின்ர சூட்சுமம் அதின்ர வயித்தில இருக்கு. மேல நிண்டு போட்டோ எடுத்தா அது தெரியாது, கீழ வந்து சுத்தி நடந்து பாக்கவேணும். 39 மீற்றர் தான் நீளம், ஆனா அகலம் 11 மீற்றர், கூரான அடிப்பாகம் இல்லை, சிரட்டை மாதிரி உருண்டையாக் கிடக்கு. நனைஞ்ச சவுக்காரத்தைக் கையால இறுக்கிப் பிடிச்சா என்ன நடக்கும், வழுக்கிக்கொண்டு மேல வரும் தானே, அதே தான். ரெண்டு பக்கத்தாலயும் ஐஸ் நெரிக்க நெரிக்க கப்பல் உடையாம மேல எழும்பி ஐஸுக்கு மேல குந்தும். பக்கச் சுவர் 70, 80 சென்ரிமீற்றர் மொத்தம், மூக்கில ஒரு மீற்றருக்கும் மேல முழு மரம். வெளிப் பக்கம் கிரீன்ஹார்ட் எண்டு தென்னமெரிக்காவில வளர்ற இரும்பு மாதிரி மரம், ஐஸ் உரசினா வழுக்கிப் போறதுக்கு. சுக்கானையும் பின்னால சுத்திற காத்தாடியையும் கூட ஐஸ் கடிக்காம மேல தூக்கி உள்ள வைக்கலாம். இதில ஒரு குறையும் இருக்கு, அடி உருண்டை எண்டபடியா திறந்த கடலில அது பாட்டுக்கு உருளும், நான்சன் உட்பட கனபேர் சத்தி எடுத்தவை. அதையும் சொல்லுங்கோ, பிள்ளையளுக்குப் பிடிக்கும்.

பிறகு உள்ள இறங்குங்கோ. தயவு செய்து முதல்ல உள்ள இறங்கிட்டுப் பிறகு மேல்தட்டுக்குப் போங்கோ. படி இறங்கேக்க பெரியாக்கள் தலையைக் குனியவேணும். நடுவில ஒரு சின்ன அறை, எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டது அங்க தான், அதைச் சுத்திப் பெட்டி பெட்டியாப் படுக்கிற அறையள். சுவருக்குள்ள பலகை, பிறகு கம்பளி, கோர்க், கலைமான் மயிர், திரும்பப் பலகை எண்டு மாறி மாறி அடைச்சிருக்கினம், குளிர் வராம. மேல்தட்டில ஒரு காத்தாலை பூட்டி அதால கரண்ட் எடுத்து லைட் எரிச்சவை, 1890களில, வடதுருவத்துக்குக் கிட்ட. புத்தகம் கன இருந்தது, ஓகன் ஒண்டு இருந்தது, தங்களுக்குள்ள கையெழுத்துப் பத்திரிகை ஒண்டும் நடத்தினவை. ஒருத்தருக்கும் ஸ்கேவி வரேல்ல, அது விற்றமின் சி இல்லாம முரசு வீங்கிச் சாகிற வருத்தம், மற்றக் கப்பலுகளில எத்தினை பேரைக் கொண்டது. இவையின்ர சாப்பாடு முதலே நல்லா யோசிச்சு எடுத்தது. நான் அந்தச் சின்ன அறையில நிண்டு பாத்தன், கையை நீட்டினா ரெண்டு பக்கமும் முட்டுற மாதிரி, இதுக்குள்ள மூண்டு வருசம், மாசக்கணக்கா வெளியில சூரியனே இல்லை.

1893 செப்ரம்பர் கடைசியில ஐஸ் கப்பலைப் பிடிச்சிட்டுது. அதுக்குப் பிறகு கப்பல் ஓடேல்ல, ஐஸ் தான் அதைக் கொண்டுபோனது, சில கிழமை முன்னுக்கு, சில கிழமை திரும்பப் பின்னுக்கு. 1895 ஜனவரியில ஒரு பெரிய ஐஸ் மலை மாதிரி வந்து ஒரு பக்கத்தால ஏறி அமத்தத் தொடங்க, சாமானெல்லாம் கட்டி இறங்க ரெடியா நிண்டவை. கப்பல் முனகிக்கொண்டு மேல எழும்பிச்சுது. கொலின் ஆச்சர் கணக்குப் போட்டு வைச்சது சரி.

அதே வருசம் மார்ச் 14, கப்பல் தன்ர பாட்டில துருவத்தைத் தொடாது எண்டு கண்டுகொண்டு நான்சனும் யல்மார் யொஹான்சனும் 28 நாயோடயும் மூண்டு சறுக்கு வண்டியோடயும் ரெண்டு கயாக்கோடயும் இறங்கி நடந்தவை. யொஹான்சன் இந்தக் கப்பல்ல வரவேணுமெண்டதுக்காக கப்பல் எஞ்சினுக்கு நெருப்புப் போடுற வேலை எண்டாலும் பரவாயில்லை எண்டு ஏறின ஆள். ஏப்ரல் 8, வட அகலாங்கு 86 பாகை தாண்டின இடத்தில நிண்டு இனி ஏலாது எண்டு திரும்பினவை. அதுவரைக்கும் ஒரு மனுசரும் அவ்வளவு வடக்க போகேல்ல, எண்டாலும் துருவத்துக்குப் போகேல்ல. பிள்ளையள் கேப்பினம், அப்ப தோத்துப் போச்சினமோ எண்டு. கேக்கட்டும், அவையே யோசிச்சுப் பதில் சொல்லட்டும்.

இதில தமிழ் ரீச்சர்மாருக்கு எண்டே ஒரு விசயம் இருக்கு. ரெண்டு பேரும் ஃப்ரான்ஸ் யோசப் தீவுகளில கல்லால ஒரு குடில் கட்டி மேல வால்ரஸ் எண்ட கடல் மிருகத்தின்ர தோலைப் போட்டு ஒரு முழு மாரியும் அதுக்குள்ள கிடந்தவை, வெள்ளைக்கரடி இறைச்சியும் கொழுப்பும் தான் சாப்பாடு, ரெண்டு பேரும் ஒரே படுக்கைப் பையுக்குள்ள. ஆனா அவ்வளவு நாளும் ஒருத்தரை ஒருத்தர் நீங்கள் எண்டு தான் கதைச்சவை! 1895 டிசம்பர் 31 இரவு தான், இனி நாங்கள் நீ எண்டு கதைப்பமே எண்டு நான்சன் கேட்டவராம். எங்கட பிள்ளையளுக்கு நீ எங்க சொல்லவேணும், நீங்கள் எங்க சொல்லவேணும் எண்டு விளங்கப்படுத்த நீங்கள் படுற பாட்டைப் பாத்திருக்கிறன், ஏனெண்டா இப்பத்தை நொஸ்க்கில அந்தப் பழைய நீங்கள் கிட்டத்தட்ட இல்லாமப் போச்சு. கப்பலின்ர அந்தச் சின்ன அறையில பிள்ளையளை இருத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கோ, ஒரு முழுப் பாடம் அதுக்குள்ள இருக்கு.

1896 ஜூனில ஃப்ரெடரிக் ஜாக்சன் எண்ட ஆங்கிலேயர் அந்தத் தீவில தற்செயலாக் கண்டு இவையைக் காப்பாத்தினார். அவற்ர கப்பல்ல வந்து ஓகஸ்ட் 13 நோர்வேயில இறங்கின இடம் வார்டோ. இதை வாசிச்ச இடத்தில நான் அப்பிடியே நிண்டிட்டன். ஏனெண்டா 1987ல நானும் இறங்கின இடம் அது தான்.

உங்களில கனபேருக்கு இது தெரிஞ்சிருக்கும், இப்ப பிள்ளையளைக் கொண்டுவாற இளம் ஆக்களுக்குத் தெரியாம இருக்கலாம். எங்கட ஆக்கள் எண்பதுகளில நோர்வேக்கு வரேக்க கனபேர் நேர வடகோடியில இருக்கிற ஃபின்மார்க்குக்குத் தான் போனவை, மீன் பக்ரறியளில வேலை இருந்தது, வார்டோ, வாட்சோ, போட்ஸ்ஃபியோர்ட், ஹம்மர்ஃபெஸ்ட் எண்டு. யாழ்ப்பாணத்து வெயிலில வளந்த எனக்கு இருபத்தொரு வயசு. நவம்பர் கடைசியில சூரியன் போச்சுது, ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் வரேல்ல. காத்து எண்டா மனுசரைத் தள்ளிக்கொண்டு போற காத்து. முதல் மாரியில நான் ஒவ்வொரு நாளும் நேரத்தைப் பாத்து இது விடியப்புறமோ பின்னேரமோ எண்டு குழம்பினனான். ஓடுற பெல்ற்றில மீன் வந்துகொண்டே இருக்கும், வெட்டிக்கொண்டே இருக்கவேணும். ஐஞ்சு வருசம் அங்க இருந்தன், அந்தத் துறைமுகத்தில எத்தினை நாள் நிண்டிருப்பன், 1893ல ஃப்ராம் நோர்வேக் கரையை விட்டுப் போனதும் இந்த ஊரால தான், ஆறு மாசமும் நிரம்பாத குழந்தையை வீட்டில விட்டுட்டு வந்த நான்சன் மூண்டு வருசத்துக்குப் பிறகு கால் வைச்சதும் இந்த ஊரில தான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல. காற்சட்டைக் கதையை எழுதின அந்தப் பேராசிரியர் மூன், நான்சன் வந்திறங்கின அண்டைக்குத் தற்செயலா வார்டோவில ஒரு ஹோட்டல்ல நிண்டவர், ஆளைக் கண்டு அழுதிட்டாராம்.

இன்னும் ஒண்டு. அதே ஓகஸ்ட் 13, அங்க ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுக்கு வடக்கால ஃப்ராம் ஐஸில இருந்து விடுபட்டு வெளியில வந்திட்டுது. நான்சன் இறங்கினாப்பிறகு ஒட்டோ ஸ்வெர்ட்ருப் தான் கப்பலுக்குப் பொறுப்பு. ரெண்டு பகுதிக்கும் மற்றவை உயிரோடயோ எண்டு தெரியாது. ஒரு கிழமையால ஹம்மர்ஃபெஸ்டில நிண்ட நான்சனுக்குத் தந்தி வருது, எல்லாரும் சுகம் எண்டு. அடுத்த நாள் ட்ரொம்சோவில 13 பேரும் ஒண்டாச் சேர்ந்தவை. சொந்தக்காரர் எங்க எண்டு தெரியாமக் காத்திருந்து ஒரு போன் கோலில விசயம் அறிஞ்ச ஆக்கள் எங்களுக்குள்ள எத்தினை பேர், அந்தத் தந்தி எப்பிடி இருந்திருக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான்சனின்ர கதையை மியூசியத்தோட நிப்பாட்டாதேங்கோ எண்டு தான் முக்கியமாக் கேக்கிறன். முதலாம் உலக யுத்தம் முடிய இவர் தான் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யுத்தக் கைதியளை அவையின்ர நாட்டுக்குத் திருப்பி அனுப்புற வேலையைச் செய்தவர். 1921ல சர்வதேச சங்கம், இப்பத்தை ஐ.நா.வுக்கு முதல் இருந்தது, இவரை அகதியளுக்கான முதலாவது உயர் ஆணையாளரா வைச்சுது. நாடில்லாமப் போன ரஷ்யர்களிட்ட ஒரு கடதாசியும் இல்லை, எல்லை தாண்ட ஏலாது, வேலை எடுக்க ஏலாது. அவைக்கு 1922ல ஒரு பத்திரம் செய்து குடுத்தார், நான்சன் பாஸ்போட் எண்டு தான் உலகம் சொன்னது, பிறகு ஆர்மேனிய அகதியளுக்கும் குடுத்தது, 50க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டது. அந்த வருசம் நோபல் சமாதானப் பரிசும் கிடைச்சுது. எங்களில கனபேர் நோர்வேப் பாஸ்போட் கிடைக்க முதல் வைச்சிருந்த றைஸபெவிஸ் இருக்கே, 1951ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி குடுக்கிற பிரயாணப் பத்திரம், அது இந்த நான்சன் பாஸ்போட்டின்ர வழியில வந்தது தான். என்ர பழைய றைஸபெவிஸ் இன்னும் வீட்டில அலுமாரிக்குள்ள கிடக்கு. அதைப் பேத்திக்குக் காட்டி, இந்தப் புத்தகத்தை முதல்ல யோசிச்ச ஆள் படுத்த கப்பல்லயோ அண்டைக்கு நீ ஓடி விளையாடினது எண்டு சொன்னன். ரெண்டு தரம் திருப்பித் திருப்பிப் பாத்தாள்.

தென்துருவத்துக்கு முதல் போன நோர்வேக்காரர் அமுண்ட்சனின்ர கதை மியூசியத்தில வடிவா இருக்கு, நான் சுருக்கமாச் சொல்லுறன். 1910ல இதே ஃப்ராமை எடுத்துக்கொண்டு போய் 1911 டிசம்பர் 14 தென்துருவத்தில ஐஞ்சு பேர் கால் வைச்சவை. ஆனா நாயளைப் பற்றிப் பிள்ளையள் கேட்டா மறைக்காதேங்கோ. துருவத்துக்கு வெளிக்கிட்டது 52 நாய், திரும்பி வந்தது 11, மிச்சத்தில கூடுதலானதை வழியில கொலை செய்து மற்ற நாயளுக்கும் மனுசருக்கும் சாப்பாடாக்கினது, வெளிக்கிட முதலே போட்ட கணக்கு அது. எனக்கு அது இண்டைக்கும் மனசுக்கு ஒத்துவராது. நான்சனின்ர 28 நாயும் திரும்பி வரேல்ல. வளந்த பிள்ளையளுக்கு யொஹான்சனின்ர முடிவையும் சொல்லலாம், அவர் இந்தத் தென்துருவப் பயணத்திலயும் வந்தவர், அமுண்ட்சனோட முரண்பட்டதால துருவத்துக்குப் போற குழுவில சேர்க்கேல்ல, 1913ல ஒஸ்லோவில தன்ர உயிரைத் தானே எடுத்தார். எல்லாரும் சுகமா வந்தவை எண்டு மேல எழுதின எனக்கு இதையும் எழுதாம விட ஏலாது. பிறகு ஸ்வெர்ட்ருப்பின்ர தலைமையில ஃப்ராம் போன ரெண்டாவது பயணத்தில ரெண்டு பேர் செத்தவை, கப்பலின்ர டொக்டரும் ஒரு தொழிலாளியும்.

1914ல திரும்பி வந்த கப்பல் ஹோர்த்தனில வருசக்கணக்கா உக்கிக்கொண்டு கிடந்தது. அதைக் காப்பாத்தக் கடைசி வரைக்கும் நிண்டது ஸ்வெர்ட்ருப். சாண்டஃபியோர்டில திருத்தி முடிஞ்சுது, ஆனா நான்சனும் ஸ்வெர்ட்ருப்பும் ரெண்டு பேரும் 1930ல செத்துப் போச்சினம், 1936 மே மாசம் மியூசியம் திறக்கேக்க அவை இல்லை. கப்பலைக் கரைக்கு இழுத்து வைச்சு அதுக்கு மேல தான் அந்தக் கூடாரம் மாதிரிக் கட்டடத்தைக் கட்டினது.

அடுத்த முறை போகேக்க, ஃபின்மார்க்கில மீன் வெட்டின அம்மம்மா அப்பப்பாமார் ரெண்டு மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அந்தக் கீழ் அறையில பிள்ளையளைப் பத்துப் பத்துப் பேரா இறக்கி, முதல் மாரி எப்பிடி இருந்தது எண்டு அவையைக் கதைக்க விடுங்கோ, தமிழில தான், பிள்ளையளுக்கு விளங்காத சொல்லு வந்தா அங்கயே நிண்டு கேக்கட்டும். சாப்பாட்டைப் பின்னேரத்துக்குத் தள்ளலாம். ஆக்கள் கிடைக்காட்டி நான் வாறன், றைஸபெவிஸையும் கொண்டுவாறன். சென்ரரில இருந்து 30ம் நம்பர் பஸ் நேர வாசலுக்குக் கிட்டப் போகுது. அந்த எட்டு வயசுப் பெடியன் ஆரின்ர பிள்ளை எண்டு எனக்குத் தெரியாது, தெரிஞ்ச ரீச்சர் அவனுக்குச் சொல்லிவிடுங்கோ, 13 பேரும் வந்திட்டினமாம் எண்டு.